கோதுமைக்குப் பின் சோயா: குறுகிய பருவத்துக்கு எந்த ரகம்?

கேள்வி: குளிர்காலக் கோதுமையை அறுத்த கையோடு சோயா விதைக்க நினைக்கிறேன். உறைபனி விழ ஏறத்தாழ நூறு நாள்தான் இருக்கும். இருப்பதிலேயே வயது குறைந்த ரகத்தைப் போடலாமா?

பதில்: வேண்டாம். பலரும் இழப்பது இந்த இடத்தில்தான். சோயா பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் பயிர். தாமதித்து விதைத்தால் எந்த ரகமும் தன் வயதைத் தானே சுருக்கிக்கொள்ளும். அதிலும் மிகக் குறுகிய ரகத்தைப் போட்டால் செடி வளரும் முன்பே பூவெடுத்துவிடும். கணுக்கள் குறையும். அடிக்காய்கள் தரையை ஒட்டிக் காய்ப்பதால் அறுவடை இயந்திரத்துக்கு எட்டாமல் வயலிலேயே நின்றுவிடும். உறைபனிக்கு முன் முற்றக்கூடிய ரகங்களுக்குள் வயது கூடியதை எடுங்கள். செடியின் முதன்மைத் தண்டில் ஒரு காயாவது முற்றிய நிறத்துக்கு வந்துவிட்டால், அதன்பின் விழும் பனியால் மகசூல் குறையாது. அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்.

நாளை மிச்சப்படுத்த வேண்டியது கோதுமையில். மணி வயலிலேயே 13 சதவீத ஈரத்துக்குக் காயும்வரை காத்திருக்காமல், 18 முதல் 20 சதவீதத்தில் அறுத்து உலர்த்தியில் காயவைத்தால் வெயிலைப் பொறுத்துச் சில நாள்கள், சில சமயம் ஒரு வாரம்கூடக் கிடைக்கும். உலர்த்தும் செலவு உண்டுதான். ஆனால் இந்தப் பருவத்தில் விதைப்பு தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் சோயா மகசூலைத் தின்கிறது. உழவும் வேண்டாம், நாளோடு மண்ணின் ஈரமும் போய்விடும். கோதுமைத் தாளை நறுக்கி, இயந்திரத்தின் முழு அகலத்துக்கும் சீராகப் பரப்புங்கள். அது குவிந்த இடத்தில் விதை மண்ணைத் தொடாது. செடி சிறுத்தே நிற்கும் என்பதால் வரிசைகளை 19 முதல் 38 செ.மீ. இடைவெளியில் நெருக்கி, விதையளவை 10 முதல் 20 சதவீதம் கூட்டுங்கள்.

இவ்வளவு செய்தாலும் முடிவு தண்ணீர் கையில். சோயா முளைக்க, விதை தன் எடையில் பாதியளவு நீரை உறிஞ்சவேண்டும். கோதுமையோ மண்ணை வற்றடித்துவிட்டுப் போயிருக்கும். மூன்று, நான்கு செ.மீ. ஆழத்தில் ஈரமில்லை, பாசனமும் இல்லை, மழைக்கான அறிகுறியும் இல்லை என்றால் அந்த ஆண்டு சோயாவை விட்டுவிடுங்கள். விதைக்காசாவது மிஞ்சும்.

கோதுமைக்கு அடித்த களைக்கொல்லியையும் பாருங்கள். சல்ஃபோனைல்யூரியா வகையில் சில மண்ணில் நெடுநாள் தங்கிச் சோயா நாற்றைக் கருக்கும். எத்தனை மாதம் கழித்துச் சோயா விதைக்கலாம் என்பது அதன் சீட்டிலேயே இருக்கும். கோதுமைக்கு மருந்து வாங்கும்போதே அதைப் படித்துவிடுங்கள்.