கேள்வி–பதில்: டெட் வெயிட் டெஸ்டரைச் சுத்தம் செய்வது எப்படி?

கேள்வி: பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் பணிபுரிகிறேன். பிரஷர் கேஜ்களைச் சரிபார்க்க, எண்ணெயில் இயங்கும் டெட் வெயிட் டெஸ்டரை (பிஸ்டன் மேல் எடைகளை வைத்து, துல்லியமான அழுத்தத்தைத் தரும் கருவி) பயன்படுத்துகிறோம். பிஸ்டனோடு சேர்த்துச் சுற்றிவிட்டால் அதன் எடைகள் முன்பு நெடுநேரம் சுழன்றன. இப்போது சீக்கிரமே நின்றுவிடுகின்றன. பிஸ்டனைக் கழற்றி மண்ணெண்ணெயும் காட்டன் வேஸ்ட்டும் கொண்டு துடைக்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: பிஸ்டனைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும், ஆனால் காட்டன் வேஸ்ட்டை அதன் அருகில்கூடக் கொண்டு செல்லாதீர்கள். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள இடைவெளி ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர்தான்; தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். துணியிலிருந்து உதிரும் ஓர் இழை உள்ளே சென்றாலும் சுழற்சி தடைபடும்; அந்நிலையில் வலிந்து சுற்றினால் கீறல் விழும். பிஸ்டனின் பரப்பளவை நம்பியே கருவி அழுத்தத்தைத் தருவதால், கீறல் விழுந்த பிஸ்டன் அளவுகோலாக இருக்கும் தகுதியையே இழந்துவிடுகிறது. மண்ணெண்ணெயும் வேண்டாம், அது காய்ந்த பின்னும் மெல்லிய படலம் தங்கிவிடும்.

அழுத்தத்தை முழுவதும் இறக்கி, எடைகளை எடுத்துவிட்டு, பிஸ்டனைச் சாய்க்காமல் நேராக மேலே உருவுங்கள். தூய ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த, இழை உதிராத ஆய்வகத் துடைதாளால் பிஸ்டனைத் துடையுங்கள். சிலிண்டருக்கு அதே தாளைச் சுருட்டி, ஒரு முனையில் நுழைத்து மறுமுனை வழியாக இழுத்து எடுத்து, ஒவ்வொரு முறையும் புதிய தாளைப் பயன்படுத்தி, தாள் கறையின்றி வெளிவரும் வரை தொடருங்கள். அசிட்டோன் ரப்பர் ஓ-ரிங்குகளை உப்பச் செய்யும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. டங்ஸ்டன் கார்பைடு பிஸ்டனாக இருந்தால் ஈரத்தில் விட்டுவைக்காதீர்கள். அதன் துகள்களைப் பிணைத்திருக்கும் கோபால்ட்டை நீர் அரிக்கும்.

மீண்டும் பொருத்தும்போது, கருவியில் பயன்படும் அதே எண்ணெயைப் பிஸ்டனில் மெல்லிதாகத் தடவுங்கள். பிஸ்டன் தன் எடையாலேயே இறங்க வேண்டும். இடையில் நின்றால் அழுத்தாமல் வெளியே எடுத்து மறுபடியும் துடையுங்கள். ஒரு சிலிண்டரின் பிஸ்டனை இன்னொன்றில் ஒருபோதும் மாற்றிப் போடக் கூடாது. கைச்சூடு பட்டால் பரப்பளவு விரியும்; கார்பைடு பிஸ்டன்–சிலிண்டர் இணையில் ஒரு டிகிரி செல்சியஸுக்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 9 பங்கு மாறும். ஆகவே உடனே அளக்கத் தொடங்காமல், கருவி அறை வெப்பநிலைக்கு வரும் வரை பொறுத்திருங்கள்.

பிறகு எடைகளை ஏற்றி, பிஸ்டன் மிதக்கும்போது மட்டும் சுற்றிவிட்டு, சுழலும் நேரத்தையும் கீழிறங்கும் வேகத்தையும் குறித்துவையுங்கள். எண்ணெயின் பிசுப்பு வெப்பத்தோடு மாறுவதால் அறை வெப்பநிலையையும் சேர்த்து எழுதினால்தான் அடுத்த முறை ஒப்பிட முடியும். சுழற்சி சீராகியும் பிஸ்டன் முன்பைவிட வேகமாக இறங்கினால், முதலில் இணைப்புகளில் கசிவு உண்டா என்று பாருங்கள். கசிவு இல்லையெனில் தேய்மானத்தைச் சந்தேகித்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அளவுத்திருத்தத்துக்கு அனுப்புங்கள்.

பம்ப் தொழிற்சாலையில் அழுக்கு பெரும்பாலும் சோதனைக்கு வரும் கேஜ்கள் வழியாகவே, அவற்றுள் தங்கிய நீரோடும் துருவோடும் நுழைகிறது. கேஜின் உட்புறத்தைக் கழுவி உலர்த்திய பின்னரே மாட்டுங்கள். கேஜுக்கும் கருவிக்கும் இடையில் அழுக்கைத் தடுக்கும் பிரிப்பான் ஒன்றைப் பொருத்துங்கள். எண்ணெய் கலங்கியோ கறுத்தோ போனால் முழுவதையும் மாற்றுங்கள்.

கேள்வி: கறுத்துப்போன பித்தளை எடைகளைப் பாலிஷ் போட்டுத் துலக்கலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: கூடாது. பாலிஷ் உலோகத்தையும் சுரண்டி எடுக்கும். ஒரு கிலோகிராம் எடையில் 10 மில்லிகிராம் குறைந்தால், அது தரும் அழுத்தமும் பத்து லட்சத்தில் 10 பங்கு குறையும். ஆல்கஹால் நனைத்த தாளால் எண்ணெய்ப் பிசுக்கையும் தூசியையும் மட்டும் துடையுங்கள்; கறுப்பு நிறம் இருந்துவிட்டுப் போகட்டும். ஏற்கெனவே துலக்கியிருந்தால் எடைகளை மறுபடியும் நிறுத்துச் சான்றிதழ் பெறுங்கள். கையுறையின்றித் தொடாதீர்கள்.

கேள்வி: ஆக்சிஜன் சிலிண்டரின் கேஜை இதே கருவியில் சோதிக்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: வேண்டவே வேண்டாம். உயர் அழுத்த ஆக்சிஜன் எண்ணெயைச் சந்தித்தால் தீப்பற்றி வெடிக்கக்கூடும். எண்ணெய் கலவாத உலர் நைட்ரஜனில் இயங்கும் தனிக் கருவியில்தான் சோதிக்க வேண்டும். தவறுதலாக எண்ணெய்க் கருவியில் மாட்டிய கேஜின் வளைகுழாயை (அழுத்தத்தை உணரும் உட்குழாய்) சாதாரண முறையில் முழுமையாகக் கழுவ முடியாது. அதை மறுபடியும் ஆக்சிஜன் இணைப்புக்கு அனுப்பாமல், முகப்பிலேயே தெளிவாக எழுதி ஒட்டி, எண்ணெய்ப் பணிக்கு ஒதுக்கிவிடுங்கள்.