பிரேஸ்லெட்டில் மோர்ஸ்: பணம் கட்டும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: நானும் என் தோழியும் நான்கு வருடமாகப் பழகுகிறோம். அவள் பிறந்தநாளுக்கு ஒரு வெள்ளி பிரேஸ்லெட் வாங்கி, அதன் பட்டையில் ஆங்கிலத்தில் ‘மேரி மீ’ (MARRY ME, ‘என்னைக் கல்யாணம் செய்துகொள்’) என்பதை, ஒவ்வோர் எழுத்தையும் புள்ளியும் கோடுமாகக் காட்டும் மோர்ஸ் குறியீடாகப் பொறித்துக் கொடுக்க ஆசை. மற்றவர்களுக்கு வெறும் புள்ளியும் கோடுமாகத்தான் தெரியும். ஆன்லைன் கடையில் பார்த்தேன். பட்டை 35 மி.மீ. நீளம். முழுப் பணத்தையும் முன்பே கட்ட வேண்டுமாம், பொறித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். நம்பி வாங்கலாமா?
வாசகர், திருப்பூர்

பதில்: தாராளமாக வாங்கலாம். ஆனால் பணம் கட்டும் முன் கொஞ்சம் வேலை இருக்கிறது. பாத்திரக்கடையில் அண்டாவுக்குப் பேர் வெட்டக் கொடுத்து ஓர் எழுத்து தப்பிப் போனால், வீட்டுக்கு வந்ததும் பாட்டியே கண்டுபிடித்துவிடுவார். மோர்ஸில் அந்தக் காவல் கிடையாது. பொறிக்கிறவருக்கே அதைப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் வந்த படத்தை லேசரில் ஓட்டிவிடுவார். பிழை பார்க்க வேண்டிய ஆள் நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் வாசகம் இப்படி வர வேண்டும்:

— —   • —   • — •   • — •   — • — —
— —   •

புள்ளியும் கோடும் சரியாக இருந்துவிடும்; நான் பயப்படுவது இடைவெளிக்குத்தான். கோடு என்றால் மூன்று புள்ளி நீளம். ஓர் எழுத்துக்குள் ஒரு புள்ளி அளவு இடைவெளி, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு. இடம் போதவில்லை என்று நெருக்கி அடித்தால் அர்த்தமே மாறிவிடும். ‘மீ’ என்பதில் எம் இரண்டு கோடு, ஈ ஒரு புள்ளி. இரண்டும் ஒட்டினால் ‘ஜி’ என்ற ஒற்றை எழுத்து. முதல் சொல்லின் எம்மும் ஏயும் ஒட்டிக்கொண்டால் ‘க்யூ’.

கட்டம் போட்ட நோட்டில், புள்ளிக்கு ஒரு கட்டம் என்று உங்கள் வாசகத்தை வரைந்து பார்த்தேன். ஒரே வரியில் 69 கட்டம் வந்தது. 35 மி.மீ. பட்டையில் இரண்டு ஓரத்திலும் 2 மி.மீ. விட்டால் மிஞ்சுவது 31. அப்படியென்றால் ஒரு புள்ளிக்குக் கிடைப்பது அரை மில்லிமீட்டர்கூட இல்லை. தினமும் போட்டுத் தேயும் நகைக்கு இது போதாது. மேலே காட்டியதுபோல இரண்டு வரியாகப் பிரித்தால் நீள வரி 51 கட்டத்தில் முடியும், புள்ளி 0.6 மி.மீ. அளவுக்கு வரும். இடது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடங்கச் சொல்லுங்கள். நீள வரி மேலே, குட்டி வரி கீழே என்று இருந்தால் எந்தப் பக்கம் மேல் என்ற குழப்பமும் தீரும். தலைகீழாகப் படித்தால் ஏ ‘என்’ ஆகும், ஒய் ‘க்யூ’ ஆகும். ஒரே வரியில் இருந்தால் அது பார்த்தவுடன் பிடிபடாது.

சரி, இப்போது கடைக்கு வருவோம். பணம் கட்டும் முன் பொறிக்கப்போகும் படத்தை அளவோடு கேட்டு வாங்குங்கள். ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்து, “இந்தப் படத்தில் உள்ளபடியே” என்று எழுத்தில் பதில் அனுப்புங்கள். போனில் பேசி முடித்தது பின்னால் கைகொடுக்காது. ‘திரும்ப எடுக்க மாட்டோம்’ என்பது உங்கள் மனசு மாறினால் செல்லும். பொருள் குறைபாடாக வந்தாலோ, ஒப்புக்கொண்டபடி இல்லாவிட்டாலோ, சொன்ன தேதி தாண்டி வந்தாலோ, திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020 சொல்கின்றன. பிறந்தநாளுக்கு என்பதால் டெலிவரி தேதியையும் எழுதி வாங்குங்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துவிடுங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் நீங்கள் சம்மதித்த படத்திலேயே பிழை இருந்தால் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம், பில்லில் ‘925 வெள்ளி’ (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) என்றும் எடை எவ்வளவு என்றும் இருக்கட்டும். வெறும் ‘சில்வர்’ என்று போட்டிருந்தால் முலாமா என்று கேளுங்கள். ஹால்மார்க் (தர முத்திரை) எண் உள்ள நகையென்றால், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

நாலு பேர் முன்னால் மண்டி போட்டுக் கேட்பதைவிட உங்கள் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. அவருக்கு யோசிக்க நேரம் கிடைக்கும், பதில் உங்கள் இருவருக்குள் இருக்கும். ஆனால் அவருக்கு மோர்ஸ் தெரியாது என்றால் பல மாதம் கையில் போட்டிருந்தும் கேள்வி போய்ச் சேராது. எம், ஏ, ஆர், ஒய், ஈ ஐந்துக்கும் குறியீட்டை ஒரு சின்ன அட்டையில் உங்கள் கையாலேயே எழுதி, டப்பாவின் அடியில் வைத்துக் கொடுங்கள்.