பல் க்ளீன் செய்தால் பல் ஆடுமா?

கேள்வி: நான்கு மாதமாகப் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. அதனால் அந்தப் பக்கம் பிரஷ் வைக்காமல், உப்பும் கரித்தூளும் கலந்து விரலால் தேய்த்துக்கொள்கிறேன். பல் டாக்டர் க்ளீன் செய்யச் சொல்கிறார். ஆனால் எங்கள் அத்தை, க்ளீன் செய்த பிறகுதான் தனக்குப் பல் ஆட ஆரம்பித்தது என்கிறார். என்ன செய்வது?
- வாசகி, திண்டுக்கல்

அத்தை பொய் சொல்லவில்லை, பழியைத்தான் ஆள் மாற்றிப் போடுகிறார். பல்லின்மேல் தினமும் படிகிற கிருமிப் படலத்தை எடுக்காமல் விட்டால், எச்சிலில் உள்ள கால்சியம் சேர்ந்து அது சில நாட்களிலேயே காரையாக இறுகிவிடும், அப்புறம் எந்த பிரஷாலும் போகாது. ஈறு வீங்கி ரத்தம் கசிவது, அடியில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவது எல்லாம் இதன் வேலைதான். எலும்பு போன பல்லைச் சுற்றிக் காரை சிமென்ட் பூசியதுபோல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டி எடுத்த அன்றைக்குத்தான் ஆட்டம் தெரியவரும். க்ளீன் செய்த பின் சில நாள் பல் கூசும், இடுக்குகள் பெரிதானதுபோல நாக்குக்குத் தோன்றும், பயப்பட வேண்டாம்.

ரத்தம் வருகிற பக்கத்தைத் துலக்காமல் விட்டீர்களே, அதுதான் தப்பு. சரியாகத் துலக்காததால்தான் ரத்தமே வருகிறது! மென்மையான பிரஷை ஈறும் பல்லும் சேருமிடத்தில் 45 டிகிரி சாய்த்து வைத்து, அழுத்தாமல் சின்னச் சின்னதாக அசையுங்கள். 2 நிமிடம், காலையிலும் இரவு படுக்கும் முன்பும். தூங்கும்போது எச்சில் குறைந்துவிடுவதால் ராத்திரிதான் கிருமிக்குக் கொண்டாட்டம், நம் வீடுகளிலோ ராத்திரி துலக்குவதைத்தான் முதலில் விடுகிறோம். காரையை எடுத்த பிறகு இப்படித் துலக்கினால் பெரும்பாலும் 2 வாரத்தில் ரத்தம் குறைந்துவிடும். குறையாவிட்டால் திரும்பவும் டாக்டரிடம் போங்கள், சர்க்கரையும் பார்த்துவிடுங்கள், ஈறு நோய்க்கும் சர்க்கரைக்கும் நெருங்கிய உறவு உண்டு.

கரித்தூள் வேண்டாம். அது எனாமலைத் தேய்க்கும், தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்று சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து வேலங்குச்சியை மென்று நாராக்கி, கால் மணி நேரம் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தார். உங்களுக்கு அந்தப் பொறுமை இருந்தால் குச்சியையே பிடித்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை.

கேள்வி: 7 வயது மகனுக்குக் கடைவாய்ப் பல்லில் ஓட்டை. பால் பல்தானே, விழுந்துவிடும் என்று விட்டுவிடலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

முதலில் அது பால் பல்தானா என்று பாருங்கள். 6 வயதுவாக்கில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல், நிறைய பேர் அதையும் பால் பல் என்றே நினைத்துக் கோட்டை விடுகிறார்கள். முன்பல் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டே போங்கள். நான்காவதும் ஐந்தாவதும் பால் பல் என்றாலும் அவை விழ 10, 12 வயதாகும், அதுவரை மெல்லவும் அடியில் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைக்கவும் அவை வேண்டும், அடைத்துவிடுங்கள். ஓட்டை ஆறாவதில் என்றால் இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.