ஆண்டுச் சந்தா கட்டுவதற்கு முன்: உயர்நிலை 3 மாணவனின் அம்மாவுக்கு

சிங்கப்பூரில் உயர்நிலை 3 படிக்கும் மகனுக்குக் கூடுதல் கணிதமும் அறிவியலும் இடிக்கின்றன, இணையப் பாடத் தளம் ஒன்று ஆண்டுச் சந்தாவில் சலுகை தருகிறது, இன்றே கட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்று கட்ட வேண்டாம். முதலில் அந்தத் தளத்தின் இலவசப் பாடம் ஒன்றைத் திறந்து, மகனோடு அரைமணி நேரம் உட்காருங்கள்.

காணொளி ஓடத் தொடங்கி எத்தனை நிமிடத்தில் அவன் கையால் ஏதாவது செய்ய வேண்டி வருகிறது? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை அலசி 2014இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் அதில் நிலைத்திருந்த நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. 45 நிமிட வகுப்பை அப்படியே பதிவுசெய்து ஏற்றியிருந்தால், நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அவன் பார்க்காத நிமிடங்களுக்குத்தான் போகும்.

அடுத்து, வேண்டுமென்றே ஒரு தவறான விடையைக் கொடுத்துப் பாருங்கள். அடைப்புக்குறிக்கு வெளியே −3 நிற்கிறது, உள்ளே −4 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் +12 வர வேண்டும். நிறையப் பிள்ளைகள் −12 என்று எழுதிவிடுவார்கள். 'தவறு, சரியான விடை இது' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவும் தளத்தால் பயனில்லை. குறி எந்த வரியில் மாறியிருக்க வேண்டும் என்று காட்டி, அதே வகையில் இன்னும் இரண்டு கணக்குகளை உடனே கொடுக்கிறதா என்று பாருங்கள். கூடுதல் கணிதத்தில் மதிப்பெண் கரைவது பெரும்பாலும் இதுபோன்ற பழைய இயற்கணிதத் தவறுகளில்தான். வகையீடு புரியவில்லை என்று பிள்ளை சொல்வான்; விடைத்தாளைப் புரட்டினால் குறிதான் விட்டுப்போயிருக்கும்.

அறிவியலில் சிக்கல் வேறு. குளிர்ந்த குவளையின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் ஏன் உருவாகின்றன என்று கேட்டு, நான்கு விடைகளில் 'ஒடுக்கம்' என்பதைத் தட்டினால் தளம் முழு மதிப்பெண் தந்துவிடும். தேர்வில் அந்த ஒரு சொல் போதாது. சுற்றியுள்ள வெப்பமான காற்றில் இருக்கும் நீராவி, குவளையின் குளிர்ந்த வெளிப்பரப்பைத் தொட்டு, வெப்பத்தை இழந்து, ஒடுங்கி நீர்த்துளியாகிறது என்று காரணத்தை வரிசையாக எழுத வேண்டும். நீராவி எங்கிருந்து வந்தது என்பதை விட்டுவிட்டால் மதிப்பெண் போகும். ஆகவே பலவுள் தெரிவுக் கேள்விகள் மட்டுமே உள்ள தளத்தை அறிவியலுக்கு நம்பாதீர்கள். எழுதிய விடையைப் படமெடுத்து அனுப்பினால் ஓர் ஆசிரியர் பார்த்துத் திருத்துவாரா, எத்தனை மணி நேரத்தில் பதில் வரும் என்று கேளுங்கள். தெளிவாகச் சொல்ல மாட்டார்கள் என்றால் அந்த வசதி இல்லையென்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பாடத்திட்டத்தையும் சரிபாருங்கள். 2024இல் உயர்நிலை 1இல் சேர்ந்தவர்கள் 2027இல் புதிய உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வை எழுதும் முதல் அணியினர். அதில் ஜி1, ஜி2, ஜி3 என்று பாடவாரியாகக் கடினம் கூடும் நிலைகள் உண்டு. தேர்வு மதிப்பீட்டுக் கழகத்தின் இணையத்தளத்தில் மகனின் தேர்வு ஆண்டுக்கான பாடத்திட்டத்தை இறக்கி, தளத்தின் பாடப்பட்டியலோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். இந்தியாவின் சிபிஎஸ்இ பாடத்துக்கோ அமெரிக்கப் பாடத்துக்கோ உருவான தளங்கள் தரமாக இருக்கலாம்; ஆனால் வரிசையும் விடை எழுதும் முறையும் மாறும். தொடக்கநிலையில் படிக்கும் தம்பி தங்கை இருந்தால் இன்னும் கவனம் தேவை. பள்ளியில் கட்டப்படம் வரைந்து கணக்குப் போடும் பிள்ளைக்கு வீட்டில் சமன்பாட்டு முறை காட்டினால் இரண்டும் குழம்பும்.

தளம் தேறிவிட்டால், மீதி உங்கள் வீட்டு மேசையில் நடக்க வேண்டியது. 2006இல் உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் செய்த சோதனை ஒன்றை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு 42 விழுக்காடுதான் நினைவிருந்தது. படித்தபின் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு. காணொளி முடிந்ததும் 'எல்லாம் புரிஞ்சிடுச்சும்மா' என்று மகன் சொல்வது பொய்யல்ல. அந்த ஐந்து நிமிடத்துக்கு அது உண்மை.

ஆகவே வாரத்தில் மூன்று நாள், அதே நேரத்தில், 40 நிமிடம். ஒரு சிறு காணொளி. அதை மூடிவிட்டு, வெற்றுத்தாளில் நினைவிலிருந்து 5 நிமிடம் எழுதுவது. மிச்ச நேரம் முழுதும் கேள்விகள். காணொளியை இரட்டை வேகத்தில் ஓட்ட விடாதீர்கள். கணக்கைக் கூடவே போட்டுப் பார்க்க முடியாது. தவறிய கேள்விகளுக்கு ஒரு தனி நோட்டு. அவற்றை இரண்டு நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் விடையைப் பார்க்காமல் மறுபடி போட வேண்டும். கைத்தொலைபேசி வேறு அறையில் இருக்கட்டும். பள்ளிவழி வாங்கிய மடிக்கணினியில் சாதன நிர்வாகச் செயலி இருக்கும். பள்ளி நேரத்துக்குப் பிறகு அதன் கட்டுப்பாடு எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கலாம். எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று நினைவில்லையென்றால் பள்ளியிடம் கேளுங்கள்.

நாள்குறிப்பில் இன்னொருவர் பெயரும் வேண்டும். ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் வழியாக நடத்திய பாடங்களில் 2017-18இல் சேர்ந்தவர்களில், முடித்தவர்கள் 3 விழுக்காட்டுக்குச் சற்றுமேல்தான். பெரியவர்களுக்கே இந்த நிலை. 15 வயதுப் பிள்ளை மூன்றாவது வாரம் தளர்வது சோம்பலால் அல்ல, யாரும் எதிர்பார்த்துக் காத்திருக்காததால்தான். சனிக்கிழமைதோறும் பத்து நிமிடம் அந்தத் தவறு நோட்டைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அப்பா, மாமா, அக்கா, யாராக இருந்தாலும் சரி. கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 'இது ஏன் தப்பாச்சு, சொல்லு' என்று கேட்டால் போதும்.

கணினித் துறையில் சேர ஆசைப்படுகிறான், அதற்காக நான்கைந்து சான்றிதழ்ப் பாடங்களில் சேர்த்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்துங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் முன்கூட்டிய சேர்க்கைத் திட்டம் ஆர்வத்தையும் நாட்டத்தையும் பார்க்கிறது. அங்கே சான்றிதழ் அடுக்கைவிட அவனே உருவாக்கி, வரிவரியாக விளக்கக்கூடிய ஒரு சிறு செயலி பேசும். ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற கணினி அறிவியல் அறிமுகப் பாடத்தை இலவசமாகவே படிக்கலாம். அதன் பயிற்சிகள் கடினம், நேரம் பிடிக்கும். டிசம்பர் விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே இடம் கிடைத்தாலும் தேர்வில் குறைந்தபட்சத் தகுதி பெற்றாக வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். பயிற்சிக்காக அரசு தரும் உங்கள் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையை இவற்றுக்குப் பயன்படுத்த முடியாது; அது 25 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களின் சொந்தப் பயிற்சிக்கானது.

பணம் கொடுப்பதற்கு முன், கையில் ஏற்கெனவே இருப்பதைத் தீர்த்துவிடுங்கள். பள்ளியின் மாணவர் கற்றல் தளத்தில் ஆசிரியர் போட்ட பாடங்களில் அவன் திறக்காதவை எத்தனை என்று பாருங்கள். கான் அகாடமி என்ற இணையப் பாடத் தளம் இலவசம். இயற்கணித அடிப்படைக்கு அது தாராளம். நேரில் ஒருவர் சொல்லித்தர வேண்டிய பிள்ளை என்றால் சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் ஸ்டெப் துணைப்பாட வகுப்பை விசாரியுங்கள். அதன் பிறகும் தளம் தேவையென்றால் மாதச் சந்தா மட்டும் எடுங்கள். நான்கு வாரம் கழித்துத் தவறு நோட்டைத் திறந்து பாருங்கள். முதல் வாரத் தவறுகளே நான்காம் வாரத்திலும் வந்தால், சந்தாவை நிறுத்திவிட்டு அந்த நோட்டோடு கணித ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.