கருவியைக் கொண்டே கருவியைக் குறை சொல்லலாமா?

கேள்வி: தொழில்நுட்பம் மனிதனைத் தனிமைப்படுத்துகிறது என்பதைக் கருப்பொருளாகக் கொண்ட ஒரு நாய்ஸ் ராக் (இரைச்சலையே இசையாக்கும் ராக் வகை) குழுவின் கான்செப்ட் ஆல்பத்தை, அதாவது எல்லாப் பாடல்களும் ஒரே கருப்பொருளைச் சுற்றி அமைந்த ஆல்பத்தைக் கேட்டேன். காது வலித்ததுதான் மிச்சம்; பாடல் வரிகள் ஒன்றும் விளங்கவில்லை. இதையேதான் ரேடியோஹெட் என்னும் ஆங்கிலேய ராக் குழு 1997-இல் ‘ஓகே கம்ப்யூட்டர்’ ஆல்பத்தில் இனிமையாகச் சொல்லிவிட்டதே? மேலும், மின்கிதாரையும் ஆம்ப்ளிஃபயரையும் கையில் வைத்துக்கொண்டு இயந்திரத்தைச் சாடுவது முரண்பாடு இல்லையா?

பதில்: முரண்பாடு இல்லை. நகர வாழ்க்கையின் கேடுகளைப் பற்றி எழுதுகிறவர் காட்டில் உட்கார்ந்துதான் எழுத வேண்டும் என்று நாம் கேட்பதில்லை. அதற்குள்ளேயே கிடந்து உழல்கிறவருக்குத்தான் அதைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். இந்த வகை இசையில் கருவிக்கும் கருப்பொருளுக்கும் உள்ள உறவு நீங்கள் நினைப்பதைவிட நெருக்கமானது.

மின்கிதாரை ஒலிபெருக்கிக்கு அருகில் கொண்டுபோனால் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஓசை தந்தியை அதிர வைக்கிறது. அந்த அதிர்வை கிதாரின் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பாகம்) வாங்கி மறுபடி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. அது இன்னும் உரத்த ஓசையாகத் திரும்பி வந்து தந்தியை மேலும் அதிர வைக்க, விரல் படாமலேயே கருவி வீறிடத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் வாசிப்பவர் செய்யக்கூடியதெல்லாம், நிற்கும் தூரத்தையும் கோணத்தையும் மாற்றி மாற்றி அதை ஓரளவு வழிக்குக் கொண்டுவருவதுதான். மனிதன் தொடங்கி வைத்த ஒன்று தன்போக்கில் ஓட, மனிதன் அதன் பின்னால் அல்லாடுகிறான். ஆல்பத்தின் கருப்பொருள் வரிகளுக்கு வருவதற்கு முன்பே ஓசையில் நிகழ்ந்துவிடுகிறது.

இதற்கு எனக்கு உடனே நினைவுக்கு வரும் உதாரணம், சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டனில் 1981-இல் ஸ்டீவ் அல்பினி தொடங்கிய பிக் பிளாக் குழு. அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடையாது. அந்த இடத்தில் ஒரு டிரம் மெஷின், அதாவது தாளத்தைத் தானே ஒலிக்கும் மின்னணுக் கருவி இருந்தது. ஆல்பங்களில் குழுவினரின் பெயர்களோடு அதற்கும் ‘ரோலண்ட்’ என்று பெயர் போட்டிருந்தார்கள். 1986-இல் வந்த ‘அடாமைசர்’ ஆல்பத்தில் ‘கெரோசின்’ என்றொரு நீண்ட பாடல் உண்டு. செய்வதற்கு ஒன்றுமே இல்லாத சிற்றூரில் பொழுதைக் கழிக்க முடியாமல் அழிவைத் தேடிப் போகிறவனின் வெறுமைதான் அதன் பொருள். கிதார்கள் இரும்போடு இரும்பு உரசுவதாக ஒலிக்க, குரலும் வெறியேறிக் கத்த, அந்தத் தாளம் மட்டும் எதையும் பொருட்படுத்தாமல் போய்க்கொண்டிருக்கிறது. மனிதர் வாசித்திருந்தால் பாடகரின் வெறி கைகளிலும் தொற்றி, தாளம் சற்றே முந்தியிருக்கும். இயந்திரம் அசைந்து கொடுப்பதில்லை. அந்நியமாதல் என்று நாம் கட்டுரை கட்டுரையாக எழுதுவதை, பக்கத்தில் இருந்தும் துணைக்கு வராத அந்தத் தாளம் சில நிமிடங்களில் உணர்த்திவிடுகிறது.

‘ஓகே கம்ப்யூட்டர்’ எனக்கும் மிகப் பிடித்த ஆல்பம்தான். ஆனால் அதிலும் மனதைக் கலங்கடிக்கும் இடம் இனிமையான இடமா? ‘ஃபிட்டர் ஹாப்பியர்’ என்னும் பகுதியில் பாட்டே இல்லை. நல்வாழ்வுக்கான அறிவுரைகளை ஒரு கணினியின் செயற்கைக் குரல் ஏற்ற இறக்கமின்றி ஒப்பிக்கிறது. இரண்டு நிமிடம்கூட நீளாத அந்தப் பகுதியைப் பலர் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது. நீங்கள் எடுத்துக்காட்டிய ஆல்பமே உங்கள் வாதத்துக்குத் துணை நிற்கவில்லை.

வரிகள் விளங்கவில்லை என்பதில் மட்டும் உங்கள் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. குரலை இரைச்சலுக்கு அடியில் அமுக்கி வைப்பது, பேசியும் கேட்கப்படாத ஒருவரின் நிலையைக் காட்டுவதற்காக என்றால் அது சரியான கலைத் தீர்மானம். வலுவற்ற வரிகளை மறைப்பதற்காகவும் இதே உத்தியைச் செய்கிறவர்கள் உண்டு. இயந்திரக் குரலையும் மோடம் சத்தத்தையும் ஆங்காங்கே தூவிவிட்டு அதையே கருத்து என்று நம்புகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக நான் வாதாட மாட்டேன்.

ஆல்பத்தின் பெயரை நீங்கள் குறிப்பிடாததால் அதன் தரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இயலாது. வரிகள் அச்சிட்ட தாளை ஒதுக்கிவிட்டு, ஒலியளவைக் காது தாங்கும் அளவுக்குக் குறைத்து, பாடல்களின் வரிசையைக் கலைக்காமல் ஒரே அமர்வில் இன்னொரு முறை கேளுங்கள். இரைச்சல் எங்கே தளர்கிறது, தளரும்போது அங்கே ஒரு மனிதக் குரலோ கை தடுமாறும் ஓசையோ வெளிப்படுகிறதா என்று பாருங்கள். முதலிலிருந்து கடைசிவரை ஒரே மட்டத்தில் அலறுகிற ஆல்பத்தில் தனிமைப்பட்டுப் போவதற்கு ஆளே இருப்பதில்லை. நீங்கள் கேட்டது அப்படிப்பட்டது என்றால் தாராளமாகக் குறை சொல்லுங்கள். மின்கிதார் வைத்திருந்தார்கள் என்பதற்காக வேண்டாம்.