தாய்மாமன் சொன்ன பி.டி.எஸ்.ஸும் பொண்ணு கேட்ட நர்சிங்கும்

சங்கரன்கோவிலில் இருந்து போன வாரம் ஒரு குடும்பம் என்னிடம் மேல்படிப்புக்கு யோசனை கேட்டு வந்திருந்தது. அப்பாவுக்குச் சொந்தமாக எட்டு விசைத்தறி. கூடவே அம்மா, தாய்மாமன், ப்ளஸ் டூ எழுதி முடித்த பொண்ணு. பொண்ணுக்கு பி.எஸ்சி. நர்சிங் படிக்க ஆசை. வந்து உட்கார்ந்ததும் மாமா செல்போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். கேரளாவில் நிபா வந்தபோது இறந்துபோன நர்ஸ் பற்றியது. "இதப் பாத்த பொறவும் புள்ளைய அனுப்புவாவளா சார்?" அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வழக்கம்போல "பயப்படாதீங்க மதினி" என்று ஆரம்பித்தவன், பாதியில் நிறுத்திக்கொண்டேன். பயப்பட விஷயம் இருக்கத்தான் செய்கிறது. அதை மாமா தேடிய இடம்தான் தப்பு.

மாமா சொன்ன மாற்று வழி, மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.டி.எஸ்., அதாவது பல் டாக்டர் படிப்பு. "வயக்காடு கெடக்கு, பாத்துக்கிடலாம்" என்றார். பல் டாக்டர் நாள் முழுக்க எதில் கை வைக்கிறார்? எச்சிலிலும் ரத்தத்திலும். டிரில் சுழலும்போது தெறிக்கிற சாரல் நேராக அவர் முகத்துக்குத்தான் வருகிறது. நோய்க்குப் பயந்து நர்சிங்கை விட்டு பி.டி.எஸ். போவது, மழைக்குப் பயந்து குளத்தில் குதிக்கிற கதை. இதைச் சொன்னதும் உண்மையான காரணம் வெளியே வந்தது. "நர்ஸுன்னா நாளைக்கு சம்பந்தம் பேசுத எடத்துல..." என்று இழுத்தார். ஆக, நிபா வெறும் சாக்கு.

அன்றைக்கு வெளியே ஆள் காத்திருந்ததால் முழுக்கப் பேச முடியவில்லை. மிச்சத்தைப் பொண்ணோட அப்பாவுக்கு இங்கே எழுதுகிறேன், அண்ணாச்சி. உங்கள் நிலையில் இருக்கிற மற்றவர்களுக்கும் ஆகட்டும். நீட், இன்ஜினீயரிங் பக்கம் நான் போகப்போவதில்லை. அதைச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது.

முதலில் அந்த வீடியோ. 2018 மே மாதம் இறந்த அந்த நர்ஸ் லினி, பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் வேலை பார்த்தவர். அவர் கவனித்துக்கொண்ட நோயாளிக்கு வந்திருப்பது நிபா என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. 'தொற்று நோய்' என்று போர்டு மாட்டிய வார்டில் எல்லோரும் உஷாராக இருப்பார்கள். சாதாரண வார்டில் இருமிக்கொண்டு படுத்திருக்கிற, இன்னும் சளிப் பரிசோதனையே ஆகாத டி.பி. நோயாளியிடம்தான் ஏமாறுவார்கள். அதனால்தான் எல்லா நோயாளியிடமும் ஒரே எச்சரிக்கையோடு இரு என்று நர்சிங்கில் சொல்லித்தருகிறார்கள். சில கல்லூரிகளில் அது பழக்கமாகவே ஆகிவிடுகிறது. சில கல்லூரிகளில் ரெக்கார்ட் நோட்டோடு சரி. மாமா வீடியோவில் சொல்லாத ஒன்று: அந்தத் தடவை நிபா வந்து பிழைத்த இரண்டு பேரில் ஒருவர் நர்சிங் மாணவி.

மாணவிகளுக்கு அடிக்கடி நேர்வது ஊசிக் குத்து. போட்டு முடித்த ஊசிக்குத் திரும்ப மூடி போடப் போய் விரலில் ஏற்றிக்கொள்வார்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்றுவதற்கு வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. கல்லீரலைத் தாக்குகிற ஹெபடைட்டிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு நூறில் முப்பது வரை போகும். ஊரே முதலாவதற்கு நடுங்குகிறது, இரண்டாவதன் பெயரே பாதிப் பேருக்குத் தெரியாது. இத்தனைக்கும் இரண்டாவதற்குத்தான் நல்ல தடுப்பூசி இருக்கிறது.

பாப்பாவின் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்கள். குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி-யும் சேர்த்துப் போடுகிற பென்டாவேலன்ட் ஊசி தமிழ்நாட்டில் 2011 கடைசியில்தான் வந்தது. உங்கள் பொண்ணு அதற்கு முன்பே பிறந்தவள். தனி ஊசியாகப் போட்டிருக்கலாம், போடாமலும் விட்டிருக்கலாம். அட்டை கிடைக்காவிட்டால் முதலில் இருந்து மூன்று டோஸும் போட்டுக்கொள்ளலாம், கெடுதல் இல்லை. இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் ஒன்று, முதல் ஊசியில் இருந்து ஆறாம் மாதம் மூன்றாவது. அது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டி-எச்பிஎஸ் என்ற ரத்தப் பரிசோதனை. அளவு 10-க்கு மேல் இருந்தால் உடம்பு ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். அட்மிஷன், வகுப்பு என்று காலம் ஓடி, வார்டில் முழுசாகக் கை வைப்பதற்குள் இதெல்லாம் முடிந்துவிடும். ஒரு டோஸுக்குச் சில நூறு ரூபாய். அதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

கல்லூரிக்குப் போனால் எல்லோரும் ஹாஸ்டல், மெஸ், பஸ் பற்றித்தான் கேட்கிறார்கள். நீங்கள் இதைக் கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு என் பொண்ணுக்கு ஊசி குத்தினால் யாரிடம் சொல்லணும், எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை எங்கே இருக்கிறது? அந்த மாத்திரையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. தொடங்கியதை 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அதைக் கொடுப்பது மருத்துவமனையின் கடமை என்று 2017-ஆம் வருட எச்.ஐ.வி. சட்டமே சொல்கிறது. இந்தக் கேள்விக்குப் பிரின்சிபால் பட்டென்று பதில் சொன்னால் நல்ல கல்லூரி. "அப்படியெல்லாம் இங்க நடக்காது" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். என்னிடம் வந்து போன ஒரு பிள்ளைக்கு அப்படி நடந்தது. திட்டுவார்களே என்று இரண்டு நாள் ஒளித்து வைத்திருந்தாள். கடைசியில் சொன்னபோது வார்டன் கேட்ட முதல் கேள்வி, "எதுக்கு மூடி போட்ட?" அந்தக் கல்லூரிப் பெயரை எழுத மாட்டேன். அம்மை வந்து படுத்தால் லீவு உண்டா, விட்டுப்போன வார்டு நாட்களைப் பிறகு ஈடுகட்ட விடுவார்களா என்பதையும் கேளுங்கள். அட்டெண்டன்ஸுக்குப் பயந்து காய்ச்சலோடு வார்டுக்குப் போகிற பிள்ளைகள் உண்டு.

ஒன்று இப்போதே பாப்பாவுக்குச் சொல்லிவையுங்கள். ஊசி குத்தினால் விரலை வாயில் வைத்துச் சப்பக் கூடாது, பிதுக்கக் கூடாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவணும். நம் வீட்டில் பூத்தொடுக்கும்போது நார் கிழித்தாலும் விரல் தானாக வாய்க்குத்தானே போகிறது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அன்றைக்கு உங்கள் பொண்ணிடம் ஏன் நர்சிங் என்று கேட்டேன். சேவை, தேவதை என்று எதுவும் சொல்லவில்லை. தாத்தாவுக்கு டி.பி. வந்தபோது ஆறு மாத மாத்திரையைக் காலண்டரில் டிக் அடித்துக் கொடுத்தது அவள்தானாம். "ஜன்னல தொறந்து வைக்கணும்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க சார், தறிப் பஞ்சு வருதுன்னு இவங்க சாத்திருவாங்க, நான் தொறந்துருவேன்." மாமா அப்போது அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட பிள்ளைக்கென்றே ஒரு வேலை இருக்கிறது: தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ். நர்சிங் என்றால் ஐ.சி.யூ. அல்லது வெளிநாடு என்றே நினைக்கிறோம், இதை யாரும் சொல்வதில்லை. காலையில் மைக்ரோபயாலஜி லேபில் இருந்து கல்ச்சர் ரிப்போர்ட் (நோயாளியிடம் எடுத்த மாதிரியில் என்ன கிருமி வளர்ந்தது என்ற அறிக்கை) வாங்குவதில் இவர் நாள் தொடங்கும். எந்த வார்டில் எந்தக் கிருமி, நேற்று ஒன்றாக இருந்தது இன்று மூன்றாக ஆகிவிட்டதா என்று பார்ப்பார். பிறகு ரவுண்ட்ஸ். யூரின் டியூப் போட்டவர் எத்தனை பேர், வென்டிலேட்டரில் எத்தனை பேர், டியூப் போட்டு எத்தனை நாள் என்று கணக்கெடுத்து, ஆயிரம் டியூப் நாளுக்கு (ஒருவருக்கு டியூப் ஒரு நாள் இருந்தால் ஒரு டியூப் நாள்) எத்தனை தொற்று என்று மாதாமாதம் போடுவார். டாக்டர் கை கழுவாமல் அடுத்த கட்டிலுக்குப் போனால் குறித்துக்கொள்வார், பெரிய டாக்டராக இருந்தாலும். ஊசியும் பிளேடும் வெள்ளை டப்பாவில் விழுகிறதா, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில் போகிறதா என்று பார்ப்பதும் இவர்தான். ஊசிக் குத்துப் பதிவேடு இவர் மேஜையில்தான் இருக்கும். என்.ஏ.பி.எச். என்ற ஆஸ்பத்திரித் தர அங்கீகாரம் கேட்கிற ஆஸ்பத்திரிகளுக்கு இவர் கட்டாயம் தேவை. 250 படுக்கைக்கு ஒருவராவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் குறைந்தபட்சக் கணக்கு. நான் பார்த்தவரை பெரும்பாலும் பகல் டியூட்டி. மாமாவிடம் அதையும் சொல்லுங்கள். நான்கு வருடப் படிப்பு, அதன்பின் இரண்டு மூன்று வருடம் வார்டிலோ ஐ.சி.யூ.விலோ கை பழக வேண்டும். இரண்டாம் வருடத்திலேயே நுண்ணுயிரியலும் தொற்றுக் கட்டுப்பாடும் சேர்ந்த பாடம் வருகிறது. அதை அவள் எப்படிப் படிக்கிறாள் என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

பணத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், அண்ணாச்சி. வயலை விற்காதீர்கள். அரசு நர்சிங் கல்லூரி கவுன்சலிங்குக்கு முதலில் விண்ணப்பம் போடுங்கள். பெங்களூரில் சீட் வாங்கித் தருகிறேன் என்று வருகிற புரோக்கரிடம் அட்வான்ஸும் கொடுக்காதீர்கள், ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கொடுக்காதீர்கள். வார்டே பார்க்காமல் நாலு வருடம் முடித்த பிள்ளைகளை அந்த வழியில்தான் பார்த்திருக்கிறேன்.

முப்பது வருடமாகத் தறிச் சத்தத்தில் இருந்து உங்கள் காது மந்தமாகிவிட்டது. நான் சொன்னதை அன்றைக்கு இரண்டு தடவை திருப்பிக் கேட்டீர்கள். அதற்காகத் தறியை விற்றுவிட்டீர்களா? அடுத்த சனிக்கிழமை வாருங்கள். மாமா வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. பொண்ணும் அந்தத் தடுப்பூசி அட்டையும் கட்டாயம் வரணும்.