இழுத்தாலும் குலையாத முக்கோணம்: ஜியோஜீப்ரா பற்றி வாசகர் கேள்விகள்

கணிதப் படங்களைக் கணினியில் வரைய உதவும் மென்பொருள் ஜியோஜீப்ரா. அதுபற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: பத்தாம் வகுப்புக்கு, அடிப்பக்கம் 6 செ.மீ., உச்சிக்கோணம் 50°, குத்துக்கோட்டின் நீளம் கொடுத்து முக்கோணம் வரையும் கணக்கை ஜியோஜீப்ராவில் போட்டேன். பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. உச்சியை நகர்த்தியதும் கோணம் 47°, 53° என்று மாறுகிறது. எங்கே தவறு?
(கணித ஆசிரியை, பென்னாகரம்)

பதில்: உச்சிப் புள்ளியின் நிறத்தைப் பாருங்கள். நல்ல நீலமாக இருந்தால் அது எதற்கும் கட்டுப்படாத புள்ளி என்று பொருள். வட்டமும் கோடும் வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் நீங்கள் கண்ணளவில் வைத்திருக்கிறீர்கள். வெட்டுப்புள்ளிக் கருவியை எடுத்து, கோட்டையும் வட்டத்தையும் ஒவ்வொன்றாகச் சொடுக்கினால் வரும் புள்ளி கருமையாக இருக்கும். அதைக் கையால் நகர்த்த முடியாது. எந்த நிபந்தனையில் பிறந்ததோ அதிலேயே நிற்கும்.

முறையாகச் செய்ய: கொடுத்த நீளத்தில் கோட்டுத்துண்டு வரையும் கருவியால் பி, சி என 6 அலகு வரையுங்கள். பி இடப்பக்கம் இருக்கட்டும். கொடுத்த அளவில் கோணம் வரையும் கருவியில் முதலில் சி, பிறகு பி, அளவு 50°, திசை கடிகாரத் திசை. புதுப்புள்ளி கோட்டுக்குக் கீழே விழும். பி-யிலிருந்து அதற்கு ஒரு கோடு, அந்தக் கோட்டுக்கு பி-யில் ஒரு செங்குத்து, பிசி-க்கு ஒரு மையக்குத்துக்கோடு. செங்குத்தும் மையக்குத்துக்கோடும் வெட்டுமிடம் வட்டமையம் ஓ. ஓ-வை மையமாக்கி பி வழியே வட்டம் போடுங்கள். இதுவரை பாடநூல் முறையேதான்.

குத்துக்கோட்டுக்கு 1 முதல் 8 வரை ஓடும் ஒரு நழுவல் (இழுத்து எண்ணை மாற்றும் ஸ்லைடர்) வையுங்கள். பிசி-யின் நடுப்புள்ளியிலிருந்து நழுவலின் அளவை ஆரமாகக் கொண்ட வட்டம், மையக்குத்துக்கோட்டை மேலே வெட்டும் இடத்தில் பிசி-க்கு ஓர் இணைகோடு. இணைகோடும் பெரிய வட்டமும் வெட்டும் இரண்டு இடங்களும் உச்சிகள். இரண்டு முக்கோணங்களும் சர்வசமம். மாணவர் எதை வரைந்தாலும் சரி என்பது அங்கேயே விளங்கிவிடும்.

இப்போது நழுவலை மெல்ல நகர்த்துங்கள். கோணம் 50° அசையாது. உயரம் ஏற ஏற இரண்டு உச்சிகளும் நெருங்கி, 6.43-க்கு அருகில் ஒன்றாகி, அதைத் தாண்டியதும் மறைந்துவிடும். மென்பொருள் கோளாறு என்று மாணவர்கள் நினைக்க விடாதீர்கள். வட்டத்தின் ஆரம் 3.916, மையம் பிசி-க்கு மேலே 2.517. ஆக வில்லின் உச்சியே 6.433 உயரத்தில்தான் இருக்கிறது. 7 செ.மீ. குத்துக்கோடு கேட்டால் அப்படியொரு முக்கோணமே கிடையாது. கரும்பலகையில் பத்துப் படம் வரைந்தாலும் இவ்வளவு தெளிவாக இதைக் காட்ட முடியாது. இந்த மென்பொருளை வகுப்புக்குக் கொண்டுவருவதே இதற்காகத்தான்.

உச்சிக்கோணம் 50°-க்குப் பதில் 130° காட்டினால், தொடக்கத்தில் கோணத்தின் திசையை மாற்றிக் கொடுத்துவிட்டீர்கள். மையம் கீழே இறங்கி, மேலே சிறிய வில் வந்திருக்கும்.

கேள்வி: முக்கோணத்தில் ஒரு கோணம் 304° என்று வருகிறது. அதைச் சரிசெய்தால் மூன்றின் கூடுதல் 179.99°. கணக்கு தப்புகிறதா?
(மாணவர், ஊத்தங்கரை)

பதில்: கணக்கு தப்பவில்லை. கோணக் கருவி கடிகார எதிர்த்திசையில் அளக்கும். அதனால் மூன்று புள்ளிகளையும் கடிகாரத் திசை வரிசையில் சொடுக்க வேண்டும். மாற்றிச் சொடுக்கினால் 180°-க்கு மேற்பட்ட பின்வளைகோணம் வரும். கோணத்தின் பண்புகளில் 0° முதல் 180° வரை என்று அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை இராது.

179.99 என்பது தசமத் திருத்தத்தால் வருவது. உண்மை அளவுகள் 51.324, 63.434, 65.242 என்று வையுங்கள். கூடுதல் 180. இரண்டு தசமத்தில் திரை காட்டுவது 51.32, 63.43, 65.24. கூட்டினால் 179.99. காட்டும் எண்களைக் கையால் கூட்டாமல், மென்பொருளையே கூட்டச் சொல்லுங்கள், 180 வரும். இன்னொன்று: சைன் 30 என்று தட்டும்போது பாகைக் குறி போடாவிட்டால் அதை ரேடியனாக (கோணத்துக்கான இன்னோர் அலகு) எடுத்துக்கொண்டு −0.99 காட்டும். விண்டோசில் ஆல்ட் விசையோடு ஓ தட்டினால் பாகைக் குறி வரும்.

கேள்வி: 900 மி.மீ. சதுரக் கிரானைட் பலகையை ஒழுங்கு எண்கோண மேசைப் பலகையாக வெட்ட வேண்டும். ஜியோஜீப்ராவில் அளவு எடுக்கலாமா?
(கிரானைட் பட்டறை, கிருஷ்ணகிரி)

பதில்: அளவு இதோ: மூலையிலிருந்து இருபுறமும் 263.6 மி.மீ. விட்டு வெட்டுங்கள். எண்கோணத்தின் பக்கம் 372.8 மி.மீ. வரும். கணக்கே இல்லாமல் கல்லின் மேலேயும் எடுக்கலாம். ஒரு மூலையில் நூலைப் பிடித்து, பலகையின் நடுப்புள்ளி வரை (636.4 மி.மீ.) நீட்டி, அந்த மூலையின் இரு பக்கங்களிலும் குறியிடுங்கள். நான்கு மூலைக்கும் இப்படிச் செய்தால் எட்டுக் குறி. ஒவ்வொரு மூலைக்கும் மிக அருகிலுள்ள இரண்டு குறிகளை இணைப்பதே வெட்டுக்கோடு. முதலில் இரண்டு மூலைவிட்டங்களும் 1272.8 இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். பலகை சதுரமாக இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

பிளேடு கோட்டுக்கு வெளியே, கழிவுப் பக்கம் ஓட வேண்டும். 4 மி.மீ. கன பிளேடைக் கோட்டின் நடுவே ஓட்டினால் ஒவ்வொரு மூலை வெட்டிலும் 2 மி.மீ. போகும். எதிரெதிர் வெட்டுகளின் இடைவெளி 896 ஆகிவிடும், மற்ற பக்கங்கள் 900-லேயே நிற்கும். மெருகேற்றிய கல்லில் அது கண்ணுக்குத் தெரியும்.

ஜியோஜீப்ரா வணிகமல்லாத பயன்பாட்டுக்குத்தான் இலவசம். பட்டறைக்கு லிப்ரேகேட் என்ற வரைபட மென்பொருள் பொருத்தம். தொழிலுக்கும் இலவசம், கணினி வழி வெட்டும் சிஎன்சி இயந்திரங்கள் பெரும்பாலும் கேட்கும் டிஎக்ஸ்எஃப் என்ற வரைபடக் கோப்பாகவே சேமிக்கும்.

கேள்வி: எங்கள் மலைக்கிராமத்தில் இணையம் வருவதும் போவதுமாக இருக்கிறது. என்ன செய்வது?
(தேன்கனிக்கோட்டை வட்டம்)

பதில்: இணையமே தேவையில்லை. ஜியோஜீப்ரா கிளாசிக் 5-ஐ ஊருக்குள் வரும்போது பென் டிரைவில் இறக்கிக்கொண்டு போய் நிறுவுங்கள். பழைய கணினியிலும் ஓடும், முப்பரிமாணப் பகுதியும் உண்டு. கைப்பேசிச் செயலியும் நிறுவிய பிறகு இணையமின்றி வேலை செய்யும். பாடநூலின் இணையச் செயல்பாட்டுப் பக்கங்களை மட்டும் முன்கூட்டியே ஜிஜிபி (ஜியோஜீப்ராவின் சொந்த வடிவம்) கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வினாத்தாளில் படம் 6 செ.மீ. என்று போட்டேன். அச்சில் அளந்தால் 5.6 செ.மீ.தான்!
(தனிப்பயிற்சி ஆசிரியர், அரூர்)

பதில்: படமாக ஏற்றுமதி செய்யும்போது 1 அலகுக்கு 1 செ.மீ. என்று அளவுத்திட்டம் கொடுத்து, பிடிஎஃப் ஆக எடுங்கள். அச்சிடும் பெட்டியில் 'பக்கத்துக்குள் பொருத்து' என்ற தேர்வை நீக்கி 100 விழுக்காடு என்று வையுங்கள். அந்தத் தேர்வுதான் படத்தைச் சுருக்கிவிட்டது. படத்தை வேர்டில் ஒட்டினால் மூலையைப் பிடித்து இழுக்காதீர்கள். அளவுத்திட்டம் அங்கேயே போய்விடும். மொத்தப் பிரதி எடுக்கும் முன் ஒரு தாளை அச்சிட்டு அளவுகோல் வைத்துப் பாருங்கள். ஜெராக்ஸ் கடையிலும் 100 விழுக்காடு என்று சொல்லி வாங்குங்கள்.